மூன்று சாவியும் என்னிடம்

ஏங்க,

ஸ்ரீமுஷ்ணத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போகிறேன். கத்திரிக்காய்க் குழம்பு மூடி வைத்திருக்கிறேன். மங்கலம்பேட்டை கடைக்காரர் பீங்கான் பொம்மை கேட்டு வந்தால் நாளைக்கு வரச் சொல்லுங்கள்.

காலையில் உங்கள் பெங்களூர் கம்பெனியிலிருந்து போன் வந்தது. “சாருக்கு லீவு எப்பங்க முடியுது?” என்று ஒரு பெண் கேட்டாள். வேலையை விட்டாச்சு என்றுதானே சொன்னீர்கள்? பொம்மை யூனிட், பிரவுசிங் சென்டர், தண்ணீர் கேன் ஏஜென்சி மூன்றையும் என் பெயரில் பதிந்தீர்கள். ராசி என்றீர்கள், நம்பினேன். இன்னும் சம்பளம் வாங்குகிறவர் தன் பெயரில் தொழில் நடத்தக் கூடாது என்பது இப்போதுதான் உறைக்கிறது.

மூன்று கடைச் சாவியும் என்னிடம் இருக்கிறது. ராஜினாமா கடிதத்தைக் காட்டுங்கள், தருகிறேன்.

பூங்கோதை
உரிமையாளர்

பி.கு.: எழுதத் தெரியாவிட்டால், உங்களை நம்பி நான் பேங்க் வேலையை விட்டபோது கொடுத்த கடிதத்தின் நகல் பீரோவில் இருக்கிறது. பார்த்து எழுதுங்கள்.