சாப்பாட்டுக்குப் போட்ட கையெழுத்து

அன்பு மகன் டெல்மருக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் உன் பெரியப்பா எம்மெட்டும் உடம்புக்குச் சுகம், மனசுக்குத்தான் சுகமில்லை, நீயாவது இரண்டுக்கும் சுகமாக இரு. அலாஸ்காவில் பனி கொட்டுகிறதென்று டிவியில் பார்த்தேன், பட்டாளத்தில் தரும் காலுறையை நம்பாதே, நான் பின்னி அனுப்பியதைப் போட்டுக்கொள். உன் அக்கா லொரேட்டாவுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, மூக்கு அப்படியே உன் அப்பாவுடையது, பாவம். அந்தக் குழந்தைக்கென்று நான்கு மாதம் தைத்த நட்சத்திரப் போர்வை இப்போது வாஷிங்டனில் இருக்கிறது, குழந்தை கடையில் வாங்கிய துணியில் கிடக்கிறது, அதை நினைத்தால் என் வயிறு எரிகிறது.

போன அக்டோபரில் நம் பழங்குடி நிலத்தில், ஓடைக்கு மேற்கே யுரேனியம் எடுப்பது பற்றி மக்களைக் கலந்து பேச வாஷிங்டனிலிருந்து ஓர் அதிகாரி வந்தான். பூமிக்குள் மருந்துத் தண்ணீரை இறக்கி, யுரேனியத்தைக் கரைத்து உறிஞ்சுவார்களாம், நம் கிணற்றில் ஊறுவதும் அதே தண்ணீர்தான். ஆனாலும் தூரத்திலிருந்து வந்தவனை வெறுங்கையோடு அனுப்புவது நம் வழக்கமா? சூப் வைத்தேன், ரொட்டி பொரித்தேன், கையில் இருந்த அந்த ஒரே போர்வையையும் எடுத்துக்கொண்டு ஊர்க்கூடத்துக்குப் போனேன். பெரியப்பா அப்போதே, "வெர்னா, போத்துறதுக்கு முன்னாடி அவன் வாயத் தொறக்கட்டும்டி" என்றார். நான்தான் மரியாதை தெரியாத மனுஷன் என்று அவரைத் திட்டிவிட்டு, அந்த ஆளின் தோளில் என் கையாலேயே போர்த்திவிட்டேன். வாசலில் ஒரு நோட்டு வைத்திருந்தார்கள், எத்தனை பேருக்குச் சாப்பாடு என்று தெரிய வேண்டுமாம், எல்லாரும் பெயரெழுதிக் கையெழுத்துப் போட்டோம். பெரியப்பா எழுந்து, இங்கே துளை போட விடமாட்டோம் என்று நம் பாஷையில் அரை மணி நேரம் பொரிந்து தள்ளினார், அவன் தலையைத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான்.

இப்போது அவன் ஆபீசின் அறிக்கை வந்திருக்கிறது டெல்மர். நோட்டிலிருந்த எண்பத்து நான்கு பேரும் கலந்து பேசப்பட்டவர்கள், யாரும் மறுப்புச் சொல்லவில்லை என்று அச்சடித்திருக்கிறார்கள். முதல் பக்கத்தில் நான் போர்வை போர்த்தும் படம், ஊர் மக்கள் மனமுவந்து வரவேற்றார்களாம். பெரியப்பா பேசியதற்கு ஒரே வரி, ஒரு பெரியவர் பிரார்த்தனை செய்தார் என்று. அதைப் படித்துக் காட்டியபோது, "என் கோவத்தையே ஜெபமாக்கிட்டானுங்களா, சாமியாராகாமலே போய்ச் சேந்துருவேனோன்னு இருந்தேன்" என்று சிரித்தார், பிறகு வெளியே போய் உட்கார்ந்தவர் சாப்பிடக்கூட வரவில்லை. நான் அந்த ஆபீசுக்குப் போன் போட்டுக் கத்தினேன். எடுத்த பெண் தேன் ஒழுக, "உங்க கையெழுத்து இருக்கேம்மா, நாப்பத்தோராவது பேரு" என்கிறாள். 1889இல் நம் நிலத்தைக் கூறு போட வந்த அரசாங்கத்து ஆட்களும் மாடு அடித்து விருந்து வைத்துத்தான் கைநாட்டு வாங்கினார்கள். அன்றைக்காவது விருந்து அவர்களுடையது. இந்த முறை சூப் வைத்தவளே நான். கொடுத்த போர்வையைத் திருப்பிக் கேட்கவும் நமக்கு வாய் வராது, அது தெரிந்துதானே தோளைக் காட்டினான் படுபாவி. நீ போட்டிருக்கும் பட்டாளச் சட்டையும் அவர்கள் கொடுத்ததுதான், அதைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை, இன்றைக்கும் சொல்லவில்லை, ஆனால் உன் மேலதிகாரியிடம் இந்தக் கதையைச் சொல், அவர் முகம் எப்படிப் போகிறது என்று எனக்கு எழுது.

நம் ஆட்கள் வைத்த வக்கீல் மேல்முறையீடு போட்டிருக்கிறார், அது நடக்கும்போது நடக்கட்டும். திங்கட்கிழமை துளை போடும் லாரிகள் வருகின்றன. நாங்கள் பதினோரு பெண்கள் பாதையில் நாற்காலி போட்டு உட்காரப் போகிறோம், 1973இல் நம் உரிமைக்காக எழுபத்தொரு நாள் அரசாங்கத் துப்பாக்கிகளுக்கு நடுவே போராடி இருந்த பெரியப்பா, நாற்காலி மட்டும் தூக்கி வர ஒப்புக்கொண்டிருக்கிறார். எங்களைப் பிடித்துக்கொண்டு போவார்கள், அது நிச்சயம். நீ நேரத்துக்குச் சாப்பிடு, குடிக்காதே, நம் முன்னோர் உன் கூடவே நடக்கட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. இனி அந்தப் பக்கம் வரமாட்டேன் என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் அன்றைக்கே வெளியே விட்டுவிடுவார்களாம். நான் போடமாட்டேன். உன் அம்மா இன்னும் உள்ளேதான் இருக்கிறாள் என்று யாராவது சொன்னால் பதறி ஓடிவந்து, எனக்குப் பதிலாக நீ கையெழுத்துப் போட்டுவிடாதே.

உன் அம்மா,
வெர்னா