நண்டுச் சூப்பும் உனக்கென்று வைத்த கதிரையும்

என் அருமைத் தம்பி ராசனுக்கு,

உனக்கு இனி விலாசம் இல்லை. அதனால்தான் இதைப் பத்திரிகைக்குக் கொடுக்கிறேன். நாலு பேர் பார்க்கட்டும். எனக்கு வெட்கம் இல்லை.

நீ காலம் முழுக்க நின்று சமைத்த அந்தப் பிரெஞ்சு-கிறியோல் உணவகத்தைப் பூட்டப் போகிறார்களாம். கட்டடத்தை விற்றாயிற்று. இடித்துவிட்டுக் கொண்டோ மாடிவீடுகள் கட்டுவார்களாம். ரொறன்ரோவில் பெரிய மனிதரெல்லாம் வந்து சாப்பிட்ட பழைய செங்கல் வீடு, அதன் பித்தளைக் கைப்பிடிகள், அகன்ற மரப்படி, எல்லாம் இந்த மாதத்தோடு சரி. செய்தியைக் கேட்ட நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

எட்டாம் நாள், எட்டுச் செலவன்று, செத்தவர் விரும்பிச் சாப்பிட்டதையெல்லாம் சமைத்துப் படைக்க வேண்டும். உனக்கு நான் மீன் வைத்தேன், ஆட்டிறைச்சி வைத்தேன், நண்டுக்கறி வைத்தேன், ஒரு கிளாசில் விஸ்கியும் வைத்தேன். உன் நண்டுச் சூப்பை மட்டும் வைக்க முடியவில்லை. கடைக்குப் போன் எடுத்தால், பார்சல் கொடுப்பதில்லை என்று வைத்துவிட்டார்கள். பட்டரில் மாவைப் போட்டு, புளியங்கொட்டை நிறம் வரும்வரை கரண்டியை எடுக்காமல் கிண்ட வேண்டும் என்று நீ சொல்வாயே, அப்படியே செய்து பார்த்தேன். கருகியது. திரும்பச் செய்தேன். பசை போல வந்தது.

பெண்சாதி பிள்ளை இல்லாத உனக்கு நான் படைக்காமல் வேறு யார் படைப்பது? ஒரு வருடமாக நீ அரைவயிற்றோடு எங்கேயோ நிற்கிறாய் என்றே எனக்கு இருந்தது.

அதனால் உன் திவசத்துக்கு முன்னம், ஒரு ஞாயிறு மத்தியானம், நானும் மகள் நிவேதாவும் அங்கே போனோம். மூன்று பேருக்கு மேசை பதியச் சொல்லியிருந்தேன். வாசலில் நின்ற பெண், எல்லோரும் வந்த பிறகுதான் இருத்துவோம் என்றாள். மூன்றாவது ஆள் எங்கே என்று கேட்டாள்.

ரெலிவிஷன் பார்த்து நானே பழகிய இங்கிலீஷில் சொன்னேன்: அவன் எங்களுக்கு முதலே வந்துவிட்டான், உள்ளேதான் இருக்கிறான்.

அவள் உள்ளே போய்த் தேடத் தொடங்கினாள். நிவேதா தலையைக் குனிந்துகொண்டு, "அம்மா, ப்ளீஸ். அவ உண்மையாத் தேடுறா," என்றாள்.

"தேடட்டும். நானும் ஒரு வருசமாத் தேடுறன்தானே."

கடைசியில் இருத்தினார்கள். நீ ஒருநாளும் முன்வாசலால் வந்ததில்லை என்று எனக்குத் தெரியும். வெள்ளை விரிப்பு, அன்னம் மாதிரி மடித்த துணி, ஆளுக்கு மூன்று கரண்டி. மூன்று சூப் சொன்னேன். வந்ததும் ஒன்றை எனக்கு எதிரே இருந்த வெறும் கதிரைக்கு முன்னால் நகர்த்தி வைத்தேன். படைத்துவிட்டால் நாங்கள் முதலில் தொடக்கூடாது, பார்க்கவும் கூடாது. வீட்டில் என்றால் அறைக்கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்போம். இங்கே சாத்தக் கதவு ஏது? நானும் நிவேதாவும் சுவர்ப் பக்கம் திரும்பி இருந்தோம்.

திரும்பிப் பார்த்தபோது மேசையில் கரண்டிகள் மட்டும் கிடந்தன. ஒருவரும் தொடாததைக் கண்டு, எங்களுக்குப் பிடிக்கவில்லையாக்கும் என்று பரிமாறுகிற அம்மா மூன்று கிண்ணத்தையும் சத்தமில்லாமல் எடுத்துப் போய்விட்டார். எங்கே என்று கேட்டேன். குப்பையில் கொட்டியாயிற்று. வேறு கிடைக்குமா என்றால், அன்றைய பானை முடிந்ததாம்.

தம்பி, கேள். உனக்கு வைத்ததை உன் கடைக்காரரே குப்பையில் போட்டுவிட்டார்கள். நான் எழும்பி நின்றேன். என் தம்பியின் சூப்பு வராமல் இந்த இடத்தை விட்டு அசையமாட்டேன் என்று சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன்.

"அம்மா, எல்லாரும் பாக்கினம்."

"பாக்கட்டும். காசு குடுத்து வந்தவை, இதையும் பாத்திட்டுப் போகட்டும்."

அப்போது வெள்ளை உடுப்போடு கையைத் துடைத்தபடி செல்வம் வந்தார். உன்னோடு அடுப்படியில் நின்றவர், செத்தவீட்டில் உன் பெட்டியைத் தூக்கியவர். முகம் நினைவிருந்தது.

"அக்கா, இருங்கோ. என்ன நடந்தது?"

சொன்னேன். அவர் என்னைப் பார்க்காமல் விரிப்பின் மடிப்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

"ராசன் அண்ணைக்கோ இந்தச் சூப்பு? அவர் இதைக் குடிக்கிறேல்லையே அக்கா."

"என்ன விசர்க்கதை கதைக்கிறீர்? வாயைத் திறந்தா இதைப் பற்றித்தானே சொல்லுவான்."

"சொல்லுவார். சமைக்கப் பிடிக்கும். ஆனா நண்டு அவருக்கு ஒத்துவராது. இஞ்ச உடைச்சு உடைச்சு வந்த வருத்தம். சாப்பிட்டா உடம்பெல்லாம் தடிச்சுக் கடிக்கும். கரண்டி நுனியில ருசி பாத்திட்டு உடன வாய் கொப்பளிப்பார். முதலாளிக்குத் தெரிஞ்சா அந்த அடுப்பில இருந்து மாத்திப்போடுவினம் எண்டு வெளியில சொல்லேல்லை."

"எனக்கும் சொல்லேல்லையே."

"உங்களுக்குச் சொன்னா அடுத்த பஸ்ஸில வந்து சண்டை பிடிப்பியள் எண்டவர்."

நிவேதா சிரித்துவிட்டாள். பிறகு அழுதாள்.

ராசன், திங்கட்கிழமை உன் லீவு நாள். வோபர்னில் என் வீட்டுக்கு வருவாய். உனக்கென்று நண்டு வாங்கிச் சமைத்து வைத்திருப்பேன். சாப்பிட்டுவிட்டுக் கையைச் சொறிவாய். கேட்டால், "குளிருக்குத் தோல் காயுது அக்கா," என்பாய். நான் வசிலீன் தந்து அனுப்புவேன். நீ அதையும் வாங்கிக்கொண்டு போவாய். என்ன மனிசனடா நீ? வேண்டாம் என்று ஒரு சொல் சொன்னால் உனக்கு என்ன குறைந்துவிடும்? படையலிலும் நண்டை வைத்தேனே. அதையும் சொறிந்துகொண்டா சாப்பிட்டாய்?

"அப்ப அவன் என்னத்தைத்தான் சாப்பிட்டவன்?" என்று செல்வத்தைக் கேட்டேன். கெஞ்சினேன் என்றே எழுதுகிறேன், நான் ஒருவரிடமும் கெஞ்சுகிறவள் இல்லை. அடுத்த மாதம் இந்த ஆட்கள் பிறம்ரன், றிச்மண்ட் ஹில் என்று ஊர் ஊராக வேலை தேடிச் சிதறிவிடுவார்கள். பிறகு நான் எந்தக் கதவைத் தட்டிக் கேட்பேன்?

அவர் உள்ளே போய் ஒரு அலுமினியக் கோப்பையோடு வந்தார். வேலையாட்களுக்கு ஆக்கிய சோறு, அதன்மேல் குழைய அவித்த சிவத்த பீன்ஸ், பச்சை வெங்காயம், பச்சை மிளகாய், ஒரு பாதித் தேசிக்காய்.

"இதுதான் அக்கா. ஒவ்வொரு நாளும் இதுதான். கதிரை பிடிக்கமாட்டார். அரிசி மூட்டையில இருந்துகொண்டு கையால குழைச்சுச் சாப்பிடுவார்."

இந்த முறை நான் சுவரைப் பார்க்கவில்லை. கோப்பையை உன் கதிரைக்கு முன்னால் வைத்து, விளிம்பில் என் கையையும் வைத்துக்கொண்டேன். பரிமாறுகிற அம்மா கிட்ட வரப் பயந்து தூரத்தில் நின்றார். ஆறின பிறகு தேசிக்காயைப் பிழிந்து கையால் குழைத்தேன். கரண்டியை எடுத்த நிவேதா அதைத் திரும்ப வைத்துவிட்டு, தானும் கையால் அள்ளினாள். உப்புக் குறைவு. அது உன் பிரஷருக்காக அவர்கள் பழகிப்போனதா, அல்லது அதுவும் நீ ஒளித்த இன்னொரு கதையா?

இதாவது சரிதானா தம்பி? செல்வம் சொன்னதை நம்பலாமா? உயிரோடு இருந்தபோதே வாய் திறக்காதவன், இப்போதா திறக்கப் போகிறாய்?

நான் இருக்கும்வரை என் வீட்டு வாசலுக்குள் நண்டு வராது. உன் திவசத்துக்குப் பீன்ஸும் சோறும்தான். மரக்கறி என்பதால் ஐயரும் ஒன்றும் சொல்ல ஏலாது. எனக்குப் பிறகு என்ன செய்ய வேண்டும் என்று நிவேதாவிடம் சொல்லியிருக்கிறேன். ஓம் என்கிறாள். அவளுடைய ஓம் எனக்குப் போதவில்லை. அதனால்தான் இத்தனை பேர் பார்க்க எழுதி வைக்கிறேன்: ராசனுக்கு நண்டு ஒத்துவராது. ஒருவரும் அவனுக்கு நண்டு வைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
விரலில் தேசிக்காய் மணம் போகாத, கோபமும் போகாத
உன் அக்கா