அபிநயாவைப் பற்றி நீ எடுத்த படம்

வேங்கிக்கால்,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் கீர்த்தனாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், டொரண்டோ குளிரில் உனக்கும் ஒரு குறையும் வராமல் அண்ணாமலையார் பார்த்துக்கொள்ளட்டும். போனில் சொன்னால் மீட்டிங் என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதி போட்டோ எடுத்து அனுப்புகிறேன், கடைசி வரைக்கும் படி. அப்பாவுக்கு முட்டிவலி கம்மிதான், ஆனால் சொன்ன பேச்சைக் கேட்காமல் பௌர்ணமிக்கு மலை சுற்றப்போய், அடி அண்ணாமலையிலிருந்து ஆட்டோ பிடித்துத் திரும்பி வந்தார். எனக்குத்தான் நான்கு நாளாகச் சோறு இறங்கவில்லை. நீ அனுப்பின டிரெய்லர்தான் காரணம்.

பக்கத்து வீட்டு சரசு மகள் அபிநயா கதையைத்தான் எடுக்கிறாய் என்று ஏன் என்னிடம் சொல்லவில்லை? மாடியிலிருந்து மலையை வீடியோ எடுத்து அனுப்பு என்றாய், ஊர் ஞாபகமாக்கும் என்று நானும் பெருமையாக அனுப்பினேன். அதன்மேல் கருமேகத்தை ஏற்றி, பயமுறுத்தும் இசையையும் போட்டுவிட்டாய். பெயரை மாற்றி, முகத்தை மங்கலாக்கியிருக்கிறாய், சட்டத்துக்கு அது போதும். ஆனால் நம் மலை ஒவ்வொரு தெருவிலிருந்தும் ஒரு மாதிரி தெரியும் என்று இங்கேயே பிறந்து வளர்ந்த உனக்குத் தெரியாதா? காய்கறி விற்கும் ராணியம்மாள் பார்த்ததுமே இது உங்க தெருவாச்சே என்று கேட்டுவிட்டாள். அபிநயா வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடைக்காரர் கேட்க இன்னும் எத்தனை நாளாகும்?

அபிநயா பதிமூன்று வயதில், போனில் சுற்றிய ஏதோ முகமில்லாத உருவம் சொன்னது என்று, கூடப் படித்த பூஜாவை மாடிப்படியில் தள்ளிவிட்டாள். தப்புதான். பூஜா இடுப்பெலும்பு முறிந்து எட்டு மாதம் படுத்துக்கிடந்தாள், அதை மறைக்கச் சொல்லவில்லை. ஆனால் உன் படத்தில் ஒரு கனத்த குரல் பேயா, வஞ்சமா என்று கேட்கிறதே, நோய் என்று ஒரு வார்த்தை வந்ததா? அதற்கு ஆறு மாதம் முன்பே அவள் காதில் யாரோ பேசுவது கேட்டிருக்கிறது. சரசு முதலில் என்னிடம்தான் வந்து சொன்னாள். டாக்டரிடம் போ என்று சொல்லாமல், மந்திரித்துக் கயிறு கட்டக் கூட்டிப்போனவள் நான். வேண்டுமானால் அதைப் போடு, என் முகத்தோடு போடு. இந்த மாதிரி குற்றக்கதைகளை நானும் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்து வாய் பிளந்து பார்த்தவள்தான், உன்னை மட்டும் குறை சொல்லிவிட முடியாது.

நேற்று மத்தியானம் அபிநயா வந்தாள். டிரெய்லரை யாரோ அனுப்பியிருக்கிறார்கள், கடைசியில் உன் பெயரைப் பார்த்திருக்கிறாள். அழவில்லை, திட்டவில்லை. நீ கம்ப்யூட்டரில் செய்து நடக்கவிட்டிருக்கிறாயே அந்த உருவம், அதைப் பற்றி மட்டும் பேசினாள். "அது நெஜமில்லன்னு எனக்குப் புரியறதுக்கே அஞ்சு வருஷம் மாத்திரை சாப்பிட்டேன் பெரிம்மா. அதுக்கு முகமே கிடையாது. இப்ப கீர்த்தனாக்கா ஒரு முகம் வெச்சுட்டாங்க" என்றாள். இன்று காலை சரசுவோடு நானும் டாக்டரிடம் போனேன், மாத்திரையை ஜாஸ்தி பண்ணியிருக்கிறார்.

அந்த உருவத்தை எடுத்துவிடு கண்ணு. நான் அனுப்பின மலை வீடியோவையும் நீக்கிவிடு. கம்பெனி ஒத்துக்கொள்ளாது என்றால் சண்டை போடு, சின்ன வயதில் என்னோடு போடாத சண்டையா? வேளைக்குச் சாப்பிடு, வெளியே போனால் காதை மூடிக்கொள். ஆயுசோடும் நல்ல புத்தியோடும் நீ நன்றாக இருக்க வேண்டும். பதிலை வெள்ளிக்கிழமைக்குள் எழுது, மறக்காதே.

வீடியோ எடுத்துக் கொடுத்தது நான்தான் என்று சரசுவிடம் சொல்லிவிட்டேன். அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. படம் எந்தத் தேதிக்கு வருகிறது என்று மட்டும் கேட்டாள். அதற்குள் மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டுமாம், யார் கையிலும் போன் இல்லாத ஊர் எது என்று என்னிடம் கேட்கிறாள்.

உன் அம்மா,
அருணாதேவி