அம்மா சொல்லாத கல்லூரி

மார்ச் 4, புதன்

காலையிலேயே சுள்ளென்று வெயில். குண்டசாலையிலிருந்து கண்டி பஸ், வழக்கம்போல் ஒரு கால் உள்ளே, ஒரு கால் படியில். சீசன் டிக்கட் புதுப்பிக்க வேண்டும். புது ஸ்க்ரூடிரைவர் வேண்டும் (பழையது நிலூஷியிடம். இனி வராது).

டெக்கில், அதாவது டெக்னிக்கல் கொலேஜில், இன்று கம்ப்ரஸர் கழற்றினோம். குளிரூட்டல் வகுப்பில் பெண்கள் நானும் நிலூஷியும்தான். அவள் எனக்குச் சிங்களப் பாடம் விளக்குவாள், நான் அவளுக்குக் கணக்கு. படிப்பிக்கும் சேர் குனிந்து பார்த்து "ஹொந்தய்" என்றார். அவர் ஒன்றை நல்லது என்று சொல்வதே பெரிய விஷயம். மத்தியானம் முழுக்கச் சந்தோஷம்.

வீட்டுக்கு வந்தால் அம்மா போனில் அத்தையிடம்: "சுகி இப்பதான் கெம்பஸ்ல இருந்து வர்றா."

ஏ.எல். பரீட்சை முடிவு வந்து, பல்கலைக்கழகம் இல்லை என்றான நாளிலிருந்து இதே கதை. டெக்னிக்கல் கொலேஜில் படிப்பதில் எனக்கு வெட்கமில்லை. அம்மாவுக்கு இருக்கிறது, அதுதான் வலிக்கிறது. ஒரே ஒரு தடவை, அம்மா வாயால், வெளியாள் ஒருவரிடம் "டெக்" என்று சொல்லக் கேட்க வேண்டும்.

மார்ச் 6, வெள்ளி

ஞாயிறு என்னைப் பெண் பார்க்க வருகிறார்களாம்! வத்தேகமையில் கடை வைத்திருக்கும் குடும்பம். பையனுக்குக் கொழும்பில் வங்கி வேலை. "கெம்பஸ் பொண்ணு" என்று அத்தை ஏற்கெனவே சொல்லியாயிற்று.

"பொய் சொல்லியாம்மா கல்யாணம் பேசுவாங்க?"

"என்ன பொய்? கண்டியிலதானே படிக்கிற. அதுவும் பெரிய கட்டடம்தான்."

அப்பா பேப்பருக்குப் பின்னால் சிரித்தார். எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்கவே முடியாத மனிதர்.

ஞாயிறு டெக்கைப் பற்றிப் பேச வேண்டி வந்தால்: செலவு அப்பா சம்பளத்துக்குள் அடங்குகிறது. பாதி நேரம் கையில் வேலை. கடைசியில் ஹோட்டலில் பயிற்சி, பிடித்துப்போனால் அங்கேயே வேலை. சிங்களம் பயமில்லாமல் வருகிறது. என்னோடு ஏ.எல். எழுதிக் கெம்பஸ் கிடைத்த மாலதி, வகுப்பு தொடங்கக் காத்துக்கொண்டு வீட்டில், நான் ஏ.சி.யையே கழற்றிப் பூட்டிவிட்டேன். (இதைச் சொல்லக் கூடாது. பொறாமை மாதிரி இருக்கும். கொஞ்சம் பொறாமைதான்.)

மார்ச் 8, ஞாயிறு

சிரிப்பு அடங்கவில்லை. அழுகையும்தான்.

நாலு மணிக்கு வருவதாகப் பேச்சு. மூன்றுக்கு அம்மா பிரிட்ஜைத் திறந்தால் சோடா போத்தலெல்லாம் வெதுவெதுப்பு, புடிங் கஞ்சி. அம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். நான் பிரிட்ஜின் பின்னால் காதை வைத்தேன். விட்டு விட்டு ஒரு டிக். கம்ப்ரஸர் கிளம்பப் பார்க்கிறது, முடியவில்லை. அதைக் கிளப்பிவிடும் ரிலேதான் போயிருக்கிறது. டெக்கில் பழக வாங்கியது ஒன்று பையில் இருந்தது.

"பட்டுச் சேலையோட அங்க போகாதடி!"

போனேன். ப்ளக்கைப் பிடுங்கி, சேலையை இழுத்துச் செருகி, தரையில் படுத்தாயிற்று. அப்பா டோர்ச் பிடித்தார். பழைய ரிலேயைக் குலுக்கினால் உள்ளே உடைந்த சத்தம். புதியதை மாட்டி ப்ளக்கைப் போட்டதும் பிரிட்ஜ் உறுமியது. எழுந்து திரும்பினால் வாசலில் அவர்கள். ராகுகாலத்துக்குப் பயந்து முன்னாலேயே வந்துவிட்டார்கள். என் கன்னமெல்லாம் கரி.

பையனின் அம்மா: "கெம்பஸ்ல இதெல்லாமா சொல்லித் தர்றாங்க?"

அம்மா வாயைத் திறக்குமுன் நான் சொல்லிவிட்டேன். "கெம்பஸ் இல்ல ஆன்ட்டி. டெக்ல படிக்கிறேன். பிரிட்ஜ், ஏ.சி. ரிப்பேர்."

வந்தவர்கள் சூடான சோடாவைக் குடித்தார்கள். பையன் பிரிட்ஜை இரண்டு தடவை பார்த்தான், என்னை ஒரு தடவை. "போன் பண்றோம்" என்று கிளம்பினார்கள்.

அம்மா அறைக்குள் போய்விட்டாள். கதவுக்கு வெளியே நின்றேன். கூப்பிடத் தைரியம் வரவில்லை. புடிங்கை நானும் அப்பாவும் சாப்பிட்டோம். நன்றாக இறுகியிருந்தது.

மார்ச் 9, திங்கள்

நிலூஷி கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பட்டுச் சேலையில் ரிலே மாற்றிய முதல் ஆள் நான்தானாம். அம்மா இன்னும் முகம் கொடுக்கவில்லை. ஆனால் ஐஸ் தண்ணீர் குடிக்கிறாள். பார்த்தேன்.

மார்ச் 12, வியாழன்

பின்னேரம் நல்ல மழை. கொடித் துணி எல்லாம் நனைந்தது.

துணி எடுக்க ஓடும்போது போன். வத்தேகமை ஆன்ட்டி. அம்மா ஸ்பீக்கரில் போட்டாள். கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கடையில் ஐஸ்கிரீம் ப்ரீஸர் நின்றுவிட்டதாம், ரிப்பேர்காரர் ஊரில் இல்லையாம். "உங்க மகள ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போகச் சொல்றீங்களா?"

அம்மாவின் முகம் சிவந்தது. அப்பா பேப்பரை இறக்கினார். போனை வெட்டப்போகிறாள் என்றே நினைத்தேன்.

அம்மா தொண்டையைச் செருமினாள். "வருவா. ஆனா சனிக்கிழமதான். மத்த நாள்ல டெக் இருக்கு. அப்புறம், சும்மா எல்லாம் வரமாட்டா. படிச்ச புள்ள. வந்து பாக்குறதுக்கே காசு எடுப்பா."