நான்காவது சில்லு

இன்று காலை அதிபர் கூப்பிட்டுக் கேட்டார். இந்த வருடமும் மரவண்டி ஓட்டத்துக்கு நானே நடுவராக இருக்க வேண்டுமாம். "நம்ம டீச்சர்மார்ல உங்களத்தான் யாராலயும் ஏமாத்த ஏலாது" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். யோசித்துச் சொல்கிறேன் என்று வகுப்புக்குப் போய்விட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் கைப்பையிலிருந்து அந்தச் சில்லை, ஒரு மரவண்டியின் ஒற்றைச் சக்கரத்தை, எடுத்து மேசையில் வைத்தேன். சோடாப் போத்தல் மூடி அளவு. பலகையில் வெட்டி, சாண்ட் பேப்பரால் தேய்த்துத் தேய்த்து வட்டமாக்கியது. மூக்கருகே கொண்டுபோனால் இன்னும் லேசாகத் தேங்காயெண்ணெய் வாசம் வருகிறது. அல்லது வருவதாக நானே நினைத்துக்கொள்கிறேன். இறந்தவர்கள் கடிதம் வாசிப்பார்கள் என்று நான் நம்புகிறவள் இல்லை, நீயும் நம்பியதில்லை. ஆனாலும் இதைச் சொல்ல வேறு ஆள் இல்லை.

முதலில் விடுதி அறையைச் சொல்லவேண்டும். பல்கலைக்கழகத்தில் முதல் வருடம், நீ தெல்தோட்டையிலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு வந்தாய். நான் கண்டி டவுனிலிருந்து இரண்டு சூட்கேசோடு. என் கட்டிலுக்கு ஒரு கால் குட்டை. திரும்பிப் படுத்தால் டக்கென்று ஆடும். நான் அதற்குக் கீழே இரசாயனவியல் நோட்ஸை மடித்து வைத்திருந்தேன். அதைக் குனிந்து பார்த்துவிட்டு நீ சிரித்த சிரிப்பு!

"என்னாடி, கட்டிலு பரீட்ச எழுதப் போகுதா?"

பின்னால் போய் ஒரு விறகுத் துண்டைப் பொறுக்கி வந்து, மரக்கறி வெட்டும் கத்தியால் அரை மணித்தியாலம் செதுக்கி, காலுக்குக் கீழே அடித்து இறுக்கினாய். பிறகு நாம் அந்த அறையில் இருந்த மூன்று வருடமும் அந்தக் கட்டில் ஆடவில்லை. யன்னல் கொண்டி, அலுமாரிக் கதவு, என் செருப்பின் அடிக்கட்டை எல்லாம் உன் கையால்தான் சரியாயின. இதையெல்லாம் நான் என் கண்ணால் பார்த்தேன். பார்க்காதவள் தவறு செய்தால் அது வேறு.

இருபது வருடம் கழித்து நம் பிள்ளைகள் ஒரே வகுப்பில் வந்து சேர்ந்தார்கள். உன் மிதுஷாவும் என் சரண்யாவும் ஆறாம் ஆண்டு. நான் அதே பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்தேன். உன் கணவர் கட்டாரில். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார். நீ கடுகண்ணாவையில் வாடகை வீட்டிலிருந்து பிள்ளையையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி, அவளைக் கேற்றடியில் விட்டுவிட்டு உன் கந்தோர் வேலைக்கு ஓடுவாய். ஓடுகிற ஓட்டத்திலும் என்னைக் கண்டால் "போறேன்டி, கையெழுத்து வைக்க நேரமாச்சு" என்று கத்திவிட்டுத்தான் போவாய். மற்ற டீச்சர்மார் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். பிடித்தும் இருக்கும்.

மரவண்டி ஓட்டம் அதற்கு முந்தைய வருடம்தான் ஆரம்பமானது. பாடசாலை ஒரு மரக்கட்டை கொடுக்கும். பிள்ளையும் தாயோ தகப்பனோ சேர்ந்து வீட்டில் அதை வண்டியாக்க வேண்டும். மண்டப மேடையிலிருந்து கீழே சாய்த்த பலகையில் உருட்டிவிட்டால், எது முந்துகிறதோ அது வென்றது. முதல் வருடம் வந்த வண்டிகளைப் பார்த்தால் பிள்ளைகள் தொட்டிருக்கவே மாட்டார்கள். கடையில் வாங்கியது போல மினுமினுப்பு. அதனால் நான் ஒரு விதி போட்டேன். நடுவருக்கு முன்னால் பிள்ளை ஒரு சில்லைக் கழற்றி மறுபடி பூட்டிக் காட்டவேண்டும். பிள்ளையின் கைவேலை இல்லை என்று தெரிந்தால் அந்த வண்டி ஓடாது. அதன்மேல் "காட்சிக்கு மட்டும்" என்று எழுதிய ஒரு மட்டை வைக்கப்படும். அந்த விதியில் எனக்குப் பெருமை. நேர்மையைச் சோதிக்க ஒரு பரிசோதனை கண்டுபிடித்துவிட்டேன் அல்லவா.

என் வீட்டில் என்ன நடந்தது தெரியுமா? உனக்குத் தெரியும். ஆனால் என் வாயால் நீ கேட்டதில்லை. என் கணவர் இரண்டு ஞாயிற்றுக்கிழமை விறாந்தையில் உட்கார்ந்து வண்டியை முழுதாகச் செய்து முடித்தார். சரண்யா பக்கத்தில் இருந்து பிஸ்கட் சாப்பிட்டாள். கடைசியில் பிறஷை அவள் கையில் கொடுத்தார்.

"கோணலா அடி மகள். நேரா அடிச்சா அப்பன் வேலைன்னு தெரிஞ்சிரும்."

"அம்மாதானே ஜட்ஜ்?"

"அம்மாவுக்குத்தான் மொதல்ல தெரியக்கூடாது" என்றார், நான் குசினி வாசலில் நிற்பதைப் பார்த்துக்கொண்டே. மூவரும் சிரித்தோம். பிறகு ஒரு மூலையை அரத்தால் வேண்டுமென்றே கரடுமுரடாக்கினார்.

எங்கள் வீட்டில் மட்டுமில்லை. என் விதி வந்ததும் அந்த வருடம் எல்லா அப்பாமாரும் அலங்கோலமாகச் செய்யக் கற்றுக்கொண்டார்கள். அன்று மண்டபத்துக்கு வந்த வண்டிகளில் பெயின்ட் வழிந்திருந்தது, ஆணி வளைந்திருந்தது, இலக்கங்கள் சரிந்திருந்தன. சில்லைக் கழற்றச் சொன்னால் பிள்ளைகள் இழுத்து, கடித்து, சிரித்தார்கள். "பாருங்க, புள்ள செஞ்ச வேல" என்று நாங்களும் சிரித்து அனுப்பினோம். சரண்யாவின் முறை வந்தபோது நான் எழுந்து ஒதுங்கி நின்றேன். சொந்தப் பிள்ளைக்கு நடுவராக இருக்கக்கூடாதாம். கூட நடுவராக இருந்த கைப்பணிப் பாட ஆசிரியர், எங்கள் கைப்பணி சேர், அவளுடைய கோணல் கோட்டைப் பார்த்ததுமே சரி போட்டார்.

அதற்குப் பிறகு மிதுஷா வந்தாள். பெயின்ட் இல்லாத வண்டி. மரத்தின் ரேகை தெரிய எண்ணெய் தடவியிருந்தது. நான்கு சில்லும் சத்தமில்லாமல் சுழன்றன. கழற்று என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அச்சு முனையில் செருகியிருந்த ஊசியை இழுத்துச் சில்லைக் கழற்றி என் முன்னால் வைத்தாள். திருப்பிப் பூட்டக் கையை நீட்டினாள்.

"போதும் மகள்" என்றேன். "யாரு செஞ்சது?"

"நானும் அம்மாவும், டீச்சர்."

நான் உன்னை நிமிர்ந்து பார்த்தேன். கந்தோர்ச் சேலையோடு, பிள்ளையின் புத்தகப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாய்.

"வீட்ல வேற யாரும் உதவி செஞ்சாங்களா?"

"வீட்ல வேற யாரு இருக்கா? ஒனக்குத் தெரியுந்தானே."

"கடுகண்ணாவையில மேசை கதிரை செய்ற தளபாடக் கடைகள் நெறைய இருக்கு" என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். முன்வரிசையில் இரண்டொரு அப்பாமாரும் சிரித்தார்கள்.

கைப்பணி சேர் என் பக்கம் சாய்ந்து, "விடுங்களே டீச்சர், புள்ள ஆசையா கொண்டு வந்தீக்கி" என்றார்.

"ஒருத்தருக்கு விட்டா எல்லாருக்கும் விடணும், சேர்."

மட்டையை எடுத்து வைத்தேன். காட்சிக்கு மட்டும்.

ஆம்பிளை இல்லாத வீட்டிலிருந்து இவ்வளவு நேர்த்தி எப்படி வரும் என்பதுதான் என் தலையில் ஓடிய கணக்கு. அப்படி நினைத்தவள் விஞ்ஞானப் பட்டதாரி, ஒரு பெண், உன் ஆப்பு இறுக்கிய கட்டிலில் மூன்று வருடம் தூங்கியவள். சில்லு வேகமாகக் கழன்றதைக்கூட வீட்டில் பழக்கிக் கூட்டிவந்திருக்கிறார்கள் என்றுதான் எடுத்துக்கொண்டேன். முடிவை முதலே எழுதிவிட்டால் எந்த அத்தாட்சியும் அதற்குத்தான் பொருந்தும்.

உன் பார்வை ஒரு தடவை, ஒரே தடவை, சரண்யாவின் வண்டிப் பக்கம் போய்த் திரும்பியது. விறாந்தையில் நடந்ததை சரண்யா மிதுஷாவிடம் சொல்லாமல் இருந்திருப்பாளா? அந்த இடத்தில் நீ வாயைத் திறந்திருந்தால் நான் தலை நிமிர்ந்திருக்க முடியாது. திறக்கவில்லை. அந்த மட்டையை மெதுவாக எடுத்து என் மேசையில் வைத்தாய். வண்டியை எடுத்துக்கொண்டாய். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாய். மிதுஷா அழவில்லை. வாசல்வரை வண்டியையே பார்த்துக்கொண்டு போனாள்.

உன் மௌனத்தின்மேல் எனக்கு வருடக்கணக்காகக் கோபம் இருந்தது. சண்டை பிடித்திருக்கலாம், விடுதியில் பிடித்தது போல. நீ பேசாமல் போனதால் எல்லாம் என் தலையில் தங்கிவிட்டது.

சரண்யாவுக்கு இரண்டாம் இடம். கைதட்டினார்கள். எல்லாரும் போனபின் மேசையை ஒதுக்கியபோதுதான் அந்தச் சில்லு மட்டைகளுக்கு அடியில் கிடந்ததைக் கண்டேன்.

அப்போதே திருப்பிப் பார்த்தேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. வண்டியோடு ஒட்டி மறைந்திருந்த பக்கத்தில் பென்சிலால் வட்டம் போட்டிருந்தது. போத்தல் மூடியை வைத்து வரைந்தது. மூடி நழுவிய இடத்தில் கோடு விலகியிருந்தது. நடுவைத் தேடி ஆணியால் குத்திய மூன்று பள்ளங்கள், மூன்றும் நடு இல்லை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சின்னப் புள்ளடி. மிதுஷாவின் விஞ்ஞானக் கொப்பியில் பிழையான விடைக்கு நான் போடுகிற அதே புள்ளடி. நான்காவது துளைதான் சரி. அதற்குப் பக்கத்தில் சரி அடையாளம்.

எந்தத் தச்சனும் அப்படிப் போடமாட்டான். எந்தத் தாயும் போடமாட்டாள்.

திங்கட்கிழமை மேடை ஏறிச் சொல்லியிருக்கலாம். சொன்னால் மற்ற வண்டிகளைப் பற்றியும் பேச்சு வரும், சரண்யாவுடையது உட்பட. அதனால் சொல்லவில்லை. காரணம் இவ்வளவுதான், இதைவிடப் பெரிதாக ஒன்றும் இல்லை.

அடுத்த மாதம் குட்ஷெட் பஸ் நிலையத்தில் உன்னைக் கண்டேன். "டீச்சர், எப்படி இருக்கீங்க?" என்று கேட்டாய். மரியாதையாக, முழுதாக. பஸ் சத்தத்துக்குள் அது எனக்கு நன்றாகவே கேட்டது. அதற்குப் பிறகு நீ என்னை வேறு மாதிரிக் கூப்பிடவே இல்லை.

போன வருடம் உனக்கு நோய் முற்றியதென்று கேள்விப்பட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தபோது சில்லைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன். நீ பாதியாகியிருந்தாய். மிதுஷாவின் உயர்தரப் பரீட்சையைப் பற்றிப் பேசினோம். மழையைப் பற்றிப் பேசினோம். நான் பைக்குள் கையை விட்டு அதைப் பிடித்தபடி இருந்தேன்.

"என்ன தேடுறீங்க டீச்சர்?"

"ஒண்ணுமில்ல. கண்ணாடி."

"போட்டுத்தானே இருக்கீங்க" என்றாய். உதட்டோரத்தில் அந்தப் பழைய சிரிப்பு அரைவாசி வந்தது. அதுதான் சொல்ல வேண்டிய தருணம். நர்ஸ் வந்தாள், நேரம் முடிந்தது என்றாள். நான் நிம்மதியாக எழுந்தேன்.

கருமாதிக்கு தெல்தோட்டைக்கு வந்தேன். நோய் வந்தபின் நீ பிள்ளையோடு உன் அண்ணன் வீட்டில்தான் இருந்தாய். முன்னறையில் கண்ணாடி அலுமாரி. மேல்தட்டில் உன் படம், மிதுஷாவின் பரிசுக் கோப்பைகள், நடுவில் அந்த வண்டி. மூன்று சில்லில், ஒரு பக்கம் சரிந்து நின்றது. என் கட்டில் போல.

மிதுஷா தேத்தண்ணீர் கொண்டுவந்தாள். உன் உயரம் வந்துவிட்டது. நான் எதைப் பார்க்கிறேன் என்று பார்த்தாள்.

"புதுசா ஒண்ணு செஞ்சு போடுறேன்னு எத்தன தரம் சொன்னேன் டீச்சர். அம்மா விடல. 'அது டீச்சர்கிட்டதான் இருக்கு, ஒரு நாளைக்கு கொண்டு வருவாங்க'ன்னாங்க."

சில்லு என் மடியில், பைக்குள் இருந்தது. பையைத் திறந்தேன். கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு மூடினேன்.

நீ அதை எந்தக் குரலில் சொன்னாய் என்று இன்றுவரை யோசிக்கிறேன். நம்பிச் சொன்னாயா, குத்தலாகச் சொன்னாயா? எதையும் நம்பாமல் துருவிப் பார்ப்பதுதான் என் வழக்கம். இதை மட்டும் என்னால் துருவ முடியவில்லை. அதிபருக்கு நாளை முடியாது என்று சொல்லிவிடுவேன், அது சுலபம். தெல்தோட்டை பஸ் ஏறுவதுதான் முடியவில்லை. ஏறினால், இது எப்படி என்னிடம் வந்தது என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டிவரும் என்று எனக்கு நானே சாட்டுச் சொல்கிறேன்.

அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் எனக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள், சீனி போதுமா டீச்சர் என்று கேட்டாள்.