அந்தக் கதவைத் தொட வேண்டாம்

4 பெப்ரவரி 1955, பதுளை

இவர் பழைய ஒஸ்ரின் கார் ஒன்றை வாங்கி நேரே கராஜுக்கு அனுப்பிவிட்டார். சீமைக்குத் திரும்பும் துரை ஒருவருடையதாம். என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் டொக்டர் குமாரசிங்கத்துக்குக் கார் வேண்டும்தான், யார் இல்லையென்றது? ஆனால் புதுக் கார் பார்க்கலாம் என்று போன மாதம்தானே பேசினோம்.

9 பெப்ரவரி

ஆஸ்பத்திரி விட்டதும் கராஜ். இன்றும் அப்படித்தான்.

12 பெப்ரவரி

நானும் போனேன். பெயின்ற் அடிக்கும் வீரய்யா பழைய கறுப்பை முழுக்க உரசி எடுத்திருந்தார். கதவோரம் ஓடிய மெல்லிய தங்கக் கோட்டைக் கடதாசியில் படியெடுத்து வைத்திருக்கிறார். அதே இடத்தில், அதே தடிப்பில் திரும்ப வரவேண்டுமாம். முன்விளக்கின் நெளிந்த வளையத்தையும் மாற்றக் கூடாதாம். சரி, பழைய காரில் ஆசை வைத்தவர்கள் அப்படித்தான். ஆனால் பின்பக்க இடது கதவின் உட்பலகை முழுக்க நகக் கீறல். அதற்கு மேலே, ஏறி இறங்கப் பிடிக்கும் தோல் வார் நைந்து கறுத்துத் தொங்குகிறது. இதையெல்லாம் ஏன் மாற்றவில்லை என்று கேட்டேன்.

"டொக்டரையா அந்தக் கதவ மட்டும் தொட வேணாம்னுட்டாருங்கம்மா," என்றார் வீரய்யா. "ஏன்னு கேட்டேன், கதவச் சாத்திட்டுப் போயிட்டாரு."

யாருடைய நகம்?

13 பெப்ரவரி

கேட்டேன். பழசு பழசாகவே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் பேப்பரை விரித்தார். நேற்றைய பேப்பர்.

17 பெப்ரவரி

பக்கத்து வீட்டு ஸித்தி ஸுபைதா வந்திருந்தா. "அது டொக்டர்ட பழைய கார்தானே, ஸ்பிரிங்வெளியில இருக்கக்குள்ள ஓடினது," என்றா. தெரிந்தவள் போலத் தலையாட்டினேன்.

துரையின் கார் என்றாரே! ஸ்பிரிங்வெளியில் தோட்ட டொக்டராக இருந்தபோதுதான் இவருடைய முதல் மனைவி காய்ச்சலில் போனா. பிறகு கொஞ்சக் காலம் அங்கே தனியாக இருந்தார். அப்போது யார் ஏறினாள் அந்தக் காரில்? இப்பவும் இருக்கிறாளோ? தோட்டத்தில் நோயாளி, நோயாளி என்று ஓடுறாரே — உண்மையில எங்க போகுது இந்த மனுசன்?

22 பெப்ரவரி

சொல்லாமல் கராஜுக்குப் போனேன். பின் ஆசனத்தில், கதவைச் சாத்திக்கொண்டு தனியே இருந்தார். கையில் அந்த வார். என்னைக் கவனிக்கவில்லை. திரும்பிவிட்டேன். சமைக்கவில்லை.

24 பெப்ரவரி

இவர் கூட்டமொன்றுக்காகக் கொழும்பில். நான் வீரய்யாவிடம் போய், ஐயா மனம் மாறிவிட்டார், வாரைக் கழற்றிப் புதிது போடுங்கள் என்றேன். பொய்தான். கூசாமல் வந்தது.

கழற்றியதை வீட்டுக்குக் கொண்டுவந்து ஜன்னலடியில் வைத்துப் பார்த்தேன். நைந்ததல்ல. பல் தடம். மேல்வரிசை, கீழ்வரிசை. திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் கடித்திருக்கிறாள். இப்படிக் கடிக்க என்ன நோவு?

26 பெப்ரவரி

இவர் வந்ததும் மேசையில் வைத்தேன். கத்துவார் என்று நினைத்தேன். கதிரையை இழுத்துப்போட்டு வாரைக் கையில் எடுத்தார்.

"காய்ச்சல் எண்டது பொய்," என்றார். "பிள்ளை பெற அவவை இந்தக் காரிலதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தனான். மழை. மண் சரிஞ்சு றோட்டு மூடிப்போச்சு. முன்னுக்கும் போகேலாது, பின்னுக்கும் போகேலாது. டொக்டர் நான் பக்கத்தில இருக்க, தாயும் பிள்ளையும் போயிட்டினம்."

கலியாணப் பேச்சில் இவருடைய வீட்டார் மறைத்தார்களாம். பிறகு இவருக்கும் வாய் வரவில்லையாம். காரை அப்போதே துரைக்கு விற்றிருக்கிறார். இப்போது வேறு யாரும் வாங்கினால் எல்லாவற்றையும் பிடுங்கிப் புதிது போட்டுவிடுவார்கள் என்று பயம்.

பிறகு பெயின்ற் எதற்கு என்று கேட்டேன்.

"வெளியில எண்டாலும் புதுசா இருந்தால்தான் நீர் ஏறுவீர் எண்டு நினைச்சன்."

27 பெப்ரவரி

வாரைத் திருப்பிக் கொடுத்து, அதே ஆணித் துளைகளில் பூட்டச் சொன்னேன். பொய் சொன்னதையும் சொன்னேன். வீரய்யா அப்போதே சுத்தியலை எடுத்தார்.

13 மார்ச், ஞாயிறு

கார் வந்துவிட்டது. ஸ்பிரிங்வெளி றோட்டில் போனோம். நான் முன்னால் இருந்தேன். ஒரு வளைவில் நிறுத்தினார். பிள்ளை ஆணா, பெண்ணா என்று கேட்டேன். பெண்.

"சந்திரகாந்திக்கு அட்டை எண்டால் சரியான பயம்," என்றார். அந்தப் பெயரை இவர் வாயால் இன்றுதான் கேட்கிறேன். சிரித்தார், பிறகு கண்ணைத் துடைத்தார். திரும்பும் வழியெல்லாம் அவவைப் பற்றித்தான் கதை. எனக்குப் பொறாமை இல்லையென்று எழுதமாட்டேன்.

வாசலில் இறங்கும்போது, அடுத்த ஞாயிறு எங்கே போவோம் என்று கேட்டார். தெமோதரை என்றேன். அவவோடு அங்கே போனதில்லை என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.