மாற்றிப் படித்த பக்கம்

இன்று கூரியரில் ஒரு காதல் நாவல் வந்தது. உறையைக் கிழித்ததும் மையும் பசையும் கலந்த வாசனை. படிப்பதற்கு முன்னால் புத்தகத்தை முகர்ந்துபார்ப்பவள் நீ. இன்று நானும் அப்படிச் செய்துவிட்டு, வெகுநேரம் பிரிக்காமலே உட்கார்ந்திருந்தேன்.

உழவர்கரை மருந்துக் கம்பெனியின் பேக்கிங் பிரிவில் பதினாறு வருடம் எதிரெதிரே உட்கார்ந்து மாத்திரை அட்டைகளை அடுக்கினோம். சாப்பாட்டு நேரம் முழுக்க நாவல் பேச்சுதான். "கையப் புடிச்சி இழுக்கறவன் ஹீரோவாம். இங்க ஒருத்தன் இழுத்தா மேனேஜர்கிட்ட போவ மாட்டோமா?" என்பாய். என்னைக் காதலித்துக் கட்டியவன் விட்டுவிட்டுப் போன பிறகு, நான் இந்தக் கதைகளைக் கேலி செய்வதற்கென்றே படித்தேன். நீயோ ஒவ்வொரு கதாநாயகியையும் நம்மோடு வேலை செய்கிறவளைப் போலக் கண்டித்தாய், கவலைப்பட்டாய்.

இப்போது வரும் கதைகள் கொஞ்சம் மாறியிருக்கின்றன. ஆண் மன்னிப்புக் கேட்கிறான், தோசை ஊற்றுகிறான். விவாகரத்தானவளுக்கும் காதல் வருகிறது. ஆனால் அவன் ஊற்றிய ஒரு தோசையை மூன்று பக்கம் மெச்சுகிறார்கள். அவள் அம்மா ஆயுசு முழுக்க ஊற்றியதற்கு ஒரு வரி கிடையாது. இதை உன்னிடம்தான் சொல்ல வேண்டும். வேறு யாரிடம் சொல்வது?

கீமோவுக்குப் பிறகு உனக்கு எழுத்து மங்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆஸ்பத்திரிக்கு வந்து நான் படித்துக் காட்டினேன். கடைசியாகப் படித்த நாவலில் மனைவிக்கு நோய் வருகிறது, சாகிறாள். முந்தின நாளே அதைப் படித்துவிட்டதால், அந்தப் பக்கம் வந்ததும் அவளைப் பிழைக்க வைத்து, வாய்க்கு வந்தபடி சொல்லிக்கொண்டே போனேன்.

"நிறுத்துடி. இவ்ளோ மட்டமா அவங்க எழுத மாட்டாங்க" என்றாய். "அவ செத்துட்டாளா?"

நான் மாற்றிச் சொன்ன பக்கத்துக்கே திரும்பினேன்.

"செத்தவள சாக வுடு. அதுக்கப்புறம் அவன் என்னா பண்றான், அதப் படி."

படித்தேன். அவன் அவள் புடவைகளை மடித்து வைக்கிறான். வேலைக்குத் திரும்புகிறான். ஒருநாள் எதற்கோ சிரித்துவிட்டுத் திடுக்கிடுகிறான். என் குரல் உடைந்தபோதெல்லாம் நீ பொறுமையாகக் காத்திருந்தாய். முடித்ததும், "நல்லா எழுதியிருக்காங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாய். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ இல்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் உன் வீட்டுக்காரர் என்னிடம் வந்தார். தேங்காய்த்திட்டில் போட் எஞ்சின் பழுது பார்க்கிறவர். பேப்பர்கூடப் படிக்காத மனுஷன் என்று நீ அலுத்துக்கொள்வாயே, அவர்தான்.

"கடைசியா அவளுக்குப் படிச்சிங்களே, அந்த புக்கக் குடுங்க. அப்படி என்னாதான் இருந்திச்சின்னு பாக்கறேன்."

நான்கு மாதம் கழித்து, காலண்டர் தாளில் அட்டை போட்டுத் திருப்பிக் கொண்டுவந்தார். எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"அந்தப் பொண்ணு செத்த எடத்துலயே நின்னுட்டேங்க. அதுக்கு மேல போவல."

அவரை உட்காரச் சொல்லி, மீதியை நானே படித்தேன். ஒரு சொல்லையும் மாற்றவில்லை. அவன் சிரித்துத் திடுக்கிடும் இடத்தில் உன் வீட்டுக்காரர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நான் தயங்கினேன்.

"நிறுத்தாதீங்க" என்றார்.

கடைசி வரி வரைக்கும் படித்தேன். டீ கூடக் குடிக்காமல், எழுந்து கும்பிட்டுவிட்டுப் போனார்.

அதன்பிறகு இந்தக் கதைகளைக் கேலி செய்ய எனக்கு வாய் வரவில்லை. ஒருத்தி ஒருவனை நம்பிக் கிளம்புகிற பக்கம் வந்தால், எனக்கு நடந்ததெல்லாம் தெரிந்திருந்தும், இவளுக்காவது நல்லபடியாக அமையட்டும் என்று வேண்டிக்கொண்டே பக்கத்தைத் திருப்புகிறேன்.